முப்பது வயதானால் ஒரு சோதனை
கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: தம்பதிகள் அறிய வேண்டியவை



தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் என்ன செய்கிறீர்கள்? உடனே தறியை நிறுத்தி, இழையை முடிந்துவிட்டுத்தான் மேலே நெய்கிறீர்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால் சேலையில் கோடு விழும். உடம்புக்கும் இதே கணக்குதான்.

காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை நம் காரப்பேட்டையில் இருக்கிறது. அந்த நோயின் பெயரைக் கேட்டாலே பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம், தாமதம்தான் கூடாது. பெண்களுக்கு வரும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை, அது நோயாக முற்றுவதற்கு முன்பே கண்டு தடுக்கலாம்.

எதனால் வருகிறது?

ஹெச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியால் வருகிறது. இதைக் கண்டறிந்த ஜெர்மன் டாக்டர் ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. தாம்பத்திய உறவின் மூலம் இக்கிருமி பரவுகிறது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும். சிலருக்கு மட்டும் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றாக மாறும்.

ஆகவே, "யாரால வந்தது?" என்று வீட்டில் சண்டை வேண்டாம். எப்போது வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. புற்றுநோய் வந்தவரைத் தொடுவதாலோ, கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ அந்நோய் ஒட்டாது.

சோதனை எப்படி?

மிக எளிது. நர்ஸ் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்துப் பார்ப்பார். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல்சோதனை. வெள்ளைத் திட்டு என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கெட்டுப்போகத் தொடங்கிய இடத்தைக் குளிரால் உறையவைத்தோ, சூட்டாலோ அழித்துவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை.

இதனால் பயன் உண்டா? நம் தமிழ்நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையான கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் இச்சோதனையைச் செய்தார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட நோய் 25 சதவீதமும், சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன.

வழக்கமாகச் சொல்லும் சாக்குகள்

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லியே?" ஒன்றும் இல்லாதபோதே வர வேண்டும். ஆரம்பத்தில் இந்த நோய்க்கு வலி கிடையாது.

"குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சே?" ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். கர்ப்பப்பை வாய் அப்படியேதான் இருக்கிறது. சோதனை அவசியம்.

"ஒரு நாள் வேலை கெடுமே?" சோதனைக்குச் சில நிமிஷமே ஆகும். நோய் முற்றினால் தறி மாதக்கணக்கில் நிற்கும்.

இவை இருந்தால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள்

• உறவுக்குப் பின் ரத்தம் படுதல்
• மாதவிலக்கு நின்றுபோன பிறகு மீண்டும் ரத்தம் படுதல்
• நாற்றத்தோடு வெள்ளைப்படுதல்
• தீராத அடிவயிற்று வலி, இடுப்பு வலி

நோய் வந்துவிட்டால்?

அப்போதும் வழி உண்டு. தொடக்க நிலையில் ஆபரேஷன் செய்வார்கள். சற்று முற்றியிருந்தால் கதிர்வீச்சு. வெளியிலிருந்து வாரம் 5 நாள் வீதம் சுமார் 5 வாரம், பிறகு உள்ளே வைத்தும் கொடுப்பார்கள். கதிர்வீச்சோடு வாரம் ஒருமுறை மருந்தும் ஏற்றினால் பிழைப்பவர் கூடுகிறார்கள் என்று 1999-இல் வெளியான ஆராய்ச்சிகள் காட்டின. "கொஞ்சம் தேவலை" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

பெண் குழந்தை இருக்கிறதா?

9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது நல்லது. ஒரே ஊசிகூடப் பாதுகாப்புத் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் அறிவித்தது. நம் நாட்டிலேயே தயாராகும் செர்வாவேக் ஊசிக்கும் அதே ஆண்டில் அனுமதி கிடைத்தது. ஊசி போட்டவர்களும் பிற்காலத்தில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கணவன்மார்களுக்கு

"நீ போய்ட்டு வா, பிள்ளைங்களை நான் பாத்துக்கறேன்" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை போதும். அவர் கூச்சம் பாதி குறையும். முடிந்தால் கூடவே போங்கள்.

நினைவில் வையுங்கள்

30 வயதான பெண்கள் 5 வருஷத்துக்கு ஒருமுறை சோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். விவரம் கிராம சுகாதார நர்சிடம் கேளுங்கள்.

வருமுன் காப்போம்! குடும்ப நலம் காப்போம்!