மலையில் எடுக்கும் முடிவை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மலையும் காடும் அப்படி ஒன்றும் தூரமில்லை. சி.டி.எச். ரோட்டைப் பிடித்துத் திருவள்ளூர் போய், அங்கிருந்து பூண்டி ஏரியைத் தாண்டினால் அல்லிக்குழி காட்டுக்குள் குடியம் குகைகள். ஊத்துக்கோட்டை வழியாக ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் நாகலாபுரம் மலை. காலையில் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிடலாம்.

நானும் என் நண்பர்களும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். சிலர் இப்போது சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் இருக்கிறார். மற்றவர்கள் அதே கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கிறார்கள். பல வருடங்களாகச் சேர்ந்தே மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். பையும் டென்ட்டும் தூக்கி நடந்ததில் நான் தெரிந்துகொண்டது முக்கியமாக ஒன்றுதான்: மலையில் எடுக்க வேண்டிய முடிவுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே எடுத்துவிட வேண்டும். களைப்பும் வெயிலும் உற்சாகமும் சேர்ந்திருக்கும் நேரத்தில் யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது. எப்போது போவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, தண்ணீரில் இறங்கலாமா, யாருக்காவது முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்தே பேசி முடித்துவிடலாம்.

முதல் முடிவு: எந்த மாதம்?

2018 மார்ச் 11-ஐ தமிழ்நாட்டில் மலையேறும் யாரும் மறக்கக் கூடாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். சென்னையிலிருந்து போனவர்கள் ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து போனவர்கள் இன்னொரு குழு. எல்லோரும் நம்மைப் போல விடுமுறைக்கு மலை பார்க்கப் போனவர்கள். மார்ச் மாதத்தில் மலைச்சரிவில் புல் காய்ந்து கிடக்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேலேறும். சரிவில் தீ எப்போதும் மேல்நோக்கித்தான் வேகமெடுக்கும், அதனால் மேலே ஓடித் தப்புவது மிகக் கடினம்.

அதனால் பிப்ரவரி பாதியிலிருந்து கோடை முடியும் வரை எங்கள் கூட்டம் காட்டுப் பக்கமே போவதில்லை. அக்டோபர், நவம்பரிலும் போவதில்லை, அது வடகிழக்குப் பருவமழைக் காலம். நாகலாபுரம் மாதிரி ஓடைப் பள்ளத்தாக்குகளில் நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கிவிடும். தண்ணீர் கலங்குவதும் சருகும் குச்சியும் மிதந்து வருவதும் முதல் அறிகுறி. அதைப் பார்த்தால் சாமான்களை எண்ணிக்கொண்டிருக்காமல் கரையேறிவிட வேண்டும். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் நம் பக்கத்து மலைகளுக்கு ஏற்ற காலம்.

இரண்டாவது முடிவு: அனுமதி

காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம். குரங்கணிக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கென்று விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டு, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம். பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தீக்காலத்தில் பாதைகளை வனத்துறையே மூடிவிடுகிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவாக நினைப்பவர்கள் உண்டு. காட்டு ஓரத்தில் பிறந்து வளர்ந்தவருக்குத் தெரிவது நம் கைபேசி வரைபடத்தில் இருக்காது. குடியத்தில் எங்களோடு வந்த பெரியவர் கிளம்பும் முன்பே எல்லோருடைய பாட்டிலையும் பார்த்தார். "தம்பி, மேல தண்ணி கிடைக்காது. இங்கயே ரொப்பிக்கோங்க" என்றார். பாதி பாட்டிலோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பி நிரப்பி வரச் சொன்ன பிறகுதான் நடக்க ஆரம்பித்தார். அந்த ஒரு நிமிடத்திலேயே அவர் கூலி நியாயமாகிவிட்டது.

நாகலாபுரம் ஆந்திராவில் இருப்பதால் நம் விதி அங்கே செல்லாது. அங்குள்ள அனுமதி நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முந்தின வாரமே அந்தப் பகுதி வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 'போன மாசம் என் ஃபிரெண்ட் போனான்' என்ற பேச்சை நம்பிப் போகாதீர்கள்.

குழு நடக்கும் விதம்

மலையேறும் கூட்டங்களில் முன்னால் போகிறவரை 'லீட்' என்பார்கள், கடைசியில் வருகிறவரை 'ஸ்வீப்' என்பார்கள். லீடைத் தாண்டி யாரும் முன்னால் போகக் கூடாது, ஸ்வீப்புக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் நன்றாக நடக்கத் தெரிந்தவரைத்தான் ஸ்வீப்பாகப் போடுகிறோம். பின்தங்குகிறவருக்குத் துணையும் தைரியமும் தேவை. தேவைப்பட்டால் அவர் பையையும் ஸ்வீப் தூக்க வேண்டியிருக்கும்.

குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடக்கிறவரின் வேகம். அவரை லீடுக்கு அடுத்தபடியாக நடக்க விடுங்கள். பின்னால் விட்டால், முன்னே போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறி முடிக்கும்போதுதான் அவர் வந்து சேருவார். அவர் உட்காரும் முன்பே மற்றவர்கள் எழுந்துவிடுவார்கள். அதிகம் களைத்தவருக்கே ஓய்வு கிடைக்காமல் போகும்.

முன்பே முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று, திரும்பும் நேரம். மதியம் 1 மணி என்று வைத்துக்கொண்டால், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் 1 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மலை அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

இரவு ஷிஃப்ட் முடித்தவர் அன்று காலையே பைக் எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குள் கண்டிப்பான விதி. காட்டைவிட ஊத்துக்கோட்டை ரோட்டின் லாரிகள் ஆபத்தானவை. தூங்காதவர் பின்சீட்டில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேன் பிடிக்க வேண்டும்.

மதுவுக்கு இடமில்லை என்பதும் முன்கூட்டியே சொல்லப்பட வேண்டியது. தண்ணீரில் இறங்குவதும் அப்படித்தான். மலைச்சுனைகளில் இறந்தவர்களில் நீந்தத் தெரிந்தவர்களும் உண்டு. மேலே வெதுவெதுப்பாகத் தெரியும் சுனை, இடுப்பளவு ஆழத்துக்குக் கீழே சில்லிட்டுப் போயிருக்கும். பாசி பிடித்த பாறையில் கால் ஊன்ற முடியாது. உயரத்திலிருந்து குதிப்பவருக்கு அடியில் இருக்கும் கல் தெரியாது. கரையில் ஒருவர் கயிறோடு நிற்காமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

பையில் என்ன, எங்கே?

பையின் எடை உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கனமான சாமான் முதுகை ஒட்டி, தோள்பட்டைகளுக்கு நடுவே வர வேண்டும். ஸ்லீப்பிங் பேக் போன்ற லேசானவை அடியில். மழைச்சட்டை, டார்ச், மருந்து மூன்றும் மேல் பாக்கெட்டில். இடுப்புப் பட்டையைப் போடாமல் தோளில் மட்டும் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் கழுத்து வலி வந்துவிடும். இடுப்பெலும்பின் மேல் பட்டையை இறுக்கிவிட்டால் பாதிக்கு மேற்பட்ட எடை காலுக்கு இறங்கிவிடும்.

ஆளுக்குக் குறைந்தது 3 லிட்டர் தண்ணீர். நம் பக்கத்து மலைகள் உயரம் குறைந்த முள்காடுகள், நிழலும் குறைவு. வியர்வையில் உப்பும் போகும், அதனால் வெறும் தண்ணீர் போதாது. ஆளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாவது இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்ச எதுவும் இல்லை, காலையில் கிளறினால் மாலை வரை கெடாது. தயிர்சாதம் மதியத்துக்குள் புளித்துவிடும். நடக்கும்போது கொறிக்கக் கடலை மிட்டாய், பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம்.

பணத்துக்கு ஒரே ஆள் பொறுப்பு. கிளம்பும் முன்பே எல்லோரும் சமமாகப் போட்டுவிட வேண்டும், திரும்பிய அன்றே கணக்குக் காட்டிவிட வேண்டும். நட்பு கெடுவது பெரும்பாலும் சில நூறு ரூபாய்க் கணக்கில்தான்.

டென்ட்டில் தங்கும்போது

காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போட முடியாது, கூடாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்தார். அனுமதியுள்ள முகாமில் மட்டும் தங்குங்கள். அங்கும் ஓடைப்படுகையை விட்டு மேட்டில் டென்ட் போடுங்கள். சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைக்காதீர்கள்.

யானை இல்லாத நம் காடுகளில் பயப்பட வேண்டியது பாம்புக்கு. கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பல சமயம் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இருக்காது. வயிற்றுவலியும் கண்ணிமை கீழே தொங்குவதும்தான் தெரியும். அதனால் டென்ட்டின் ஜிப் இரவு முழுக்க மூடியே இருக்க வேண்டும். வெளியே எழுந்து போகிறவர் டார்ச் இல்லாமல் காலை வைக்கக் கூடாது. காலையில் ஷூவைத் தட்டிவிட்டு மாட்ட வேண்டும். யாரையாவது கடித்துவிட்டால் கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, கயிற்றால் இறுகக் கட்டுவது எல்லாமே கேடு. கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி. சிக்னல் எந்த இடம் வரை கிடைக்கிறது என்று போகும்போதே குறித்து வையுங்கள்.

குடியத்தில் பார்க்க வேண்டியது

குடியம் குகையின் சுவரை அருகில் போய்ப் பாருங்கள். பாறை முழுக்க உருண்டைக் கூழாங்கற்கள் பதிந்திருக்கும். ஒரு காலத்தில் தண்ணீர் உருட்டிக் கொண்டுவந்து சேர்த்த கற்கள் இறுகிப் பாறையானவை அவை. அதே வகைக் கற்களை எடுத்துத்தான் இந்தப் பகுதியின் ஆதி மனிதர்கள் கோடரி செய்தார்கள். பக்கத்து அத்திரம்பாக்கத்தில் 1863 செப்டம்பரில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழ்ந்தார்கள். 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மனிதர்கள் கைக்கோடரி செய்தார்கள் என்று 2011-ல் அவர்கள் ஆய்வு நிறுவியது. தரையில் கிடக்கும் கல்லை நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். இடம் மாறிய கல்லால் ஆய்வாளருக்குப் பயனில்லை. பாறை விதானத்தில் மலைத்தேனீ கூடு கட்டும், அதனால் சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், புகை போடாதீர்கள், கத்தாதீர்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் நண்பர்களுக்கு

எங்களில் ஒருவன் கம்பெனி வேலையாகச் செக் நாட்டில் இருந்தபோது வார இறுதிகளில் அங்கே நடந்திருக்கிறான். அங்கே காட்டுப்பாதைகளில் மரத்திலும் கல்லிலும் மூன்று பட்டைகள் தீட்டியிருக்கும்: மேலும் கீழும் வெள்ளை, நடுவில் பாதைக்குரிய நிறம். 1888-ல் தொடங்கிய நடையாளர் சங்கம் ஒன்று, தன்னார்வலர்களைக் கொண்டே இந்தக் குறிகளைப் பராமரிக்கிறது. பக்கத்து ஸ்லோவாக்கியாவின் தாத்ரா மலைகளில் அனுமதித்த முகாமைத் தவிர வேறெங்கும் டென்ட் போடக் கூடாது. ஸ்லோவேனியாவிலும் கண்ட இடத்தில் கூடாரம் போடத் தடை உண்டு. ஸ்லோவாக்கிய மலையில் விபத்து நடந்தால் மீட்புச் செலவை மீட்கப்பட்டவரே கட்ட வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு மலை மீட்பையும் சேர்த்ததுதானா என்று பார்த்து எடுங்கள், இல்லையென்றால் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மலையில் சுதந்திரமாகத் திரிகிறார்கள் என்று நாம் நினைக்கும் நாடுகளிலும் மலைக்கு விதி இருக்கிறது. அங்குள்ள நடையாளர்கள் அதற்குக் கட்டுப்பட்டே நடக்கிறார்கள்.

அங்கே போக ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் நம் மாவட்டத்து மலையில் பழகட்டும். பை தூக்கவும், தண்ணீரை அளந்து குடிக்கவும், பின்தங்கிய நண்பனுக்காக நிற்கவும் குடியம் பாதையிலேயே கற்றுக்கொள்ளலாம். அடுத்த டிசம்பரில் போவதென்று முடிவு செய்தால் இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். லீட் யார், ஸ்வீப் யார், திரும்பும் நேரம் எது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் நகல் ஒன்றை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினால்தான் அது நல்ல பயணம்.