பக்கத்து இலை

மகளே,

போன ஞாயிறு திடப்படுத்தல் எடுத்து, முதல் திருவிருந்தும் வாங்கிவிட்டாய். பேராயர் தலையில் கைவைத்தபோது நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்ததைப் பின்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பாட்டியான எனக்கு 78 வயதாகிறது. நடந்து கற்றதைவிட வழுக்கி விழுந்து கற்றதே அதிகம். அதில் சிலவற்றை எழுதுகிறேன்.

1. முதலில் சொற்களைத் தெரிந்துகொள். நம் பழைய வேதாகமத்தில் பவுல் சொல்லும் மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்க வீட்டில் வாழ்க்கைப்பட்ட உன் சின்ன அத்தை வாசிக்கும் 1995 பொது மொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. நமக்கு இரண்டாவது சொல், அவர்களுக்கு முதலாவது! எது சரி என்று நானும் அவளும் ஒரு சாயங்காலம் முழுக்க வாதாடினோம். மூன்றாவதில் சண்டை இல்லையே என்று சொல்லிவிட்டு அவள் காப்பி போடப் போனாள்.

2. யாருடைய விசுவாசத்தையும் படி வைத்து அளக்காதே. எனக்குக் கல்யாணமான புதிதில் அடுத்த வீட்டுக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. துக்கம் விசாரிக்கப் போன நான், "இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு ஜெபித்திருக்கலாமே அக்கா" என்றேன். அவள் பதில் பேசவில்லை. மடியில் கிடந்த சின்னச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் மகனைக் கூட்டிவந்த தகப்பனை நான் அதற்குமுன் எத்தனையோ முறை வாசித்திருந்தேன். தன் அவிசுவாசத்தை ஒளிக்காமல் கதறியவன் அவன். அதற்காக இயேசு அவன் பிள்ளையைச் சுகமாக்காமல் அனுப்பிவிடவில்லை. துக்க வீட்டுக்குப் போனால் பாயில் போய் உட்கார். பேச வேண்டாம்.

3. கன்வென்ஷன் பந்தலில் வரும் கண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருஷம் முழுக்க அதை எதிர்பார்க்காதே. குடும்ப ஜெபத்தில் நான் தூங்கி வழிந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. ஒருமுறை ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் "பால்காரரா?" என்று கேட்டுவிட்டேன். உன் தாத்தா சிரித்து முடிக்க வெகுநேரமாயிற்று. மறுநாளும் பாயை விரித்து உட்கார்ந்தோம்.

4. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசி எடுத்துக் காணிக்கைப் பானையில் போடப் பழக்கியவர் என் மாமியார். அப்போது வீட்டில் இரண்டு வகை அரிசி இருக்கும். சன்ன அரிசி எங்களுக்கு, ரேஷன் அரிசி பானைக்கு என்று நானாகப் பிரித்துக்கொண்டேன். ஒருநாள் மாமியார் பானைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்த்தார். திட்டவில்லை. அன்று ராத்திரி பானை அரிசியைப் பொங்கி எங்களுக்கு வைத்தார். பானைக்குச் சன்ன அரிசி போயிற்று.

5. அன்பைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். முதலாம் கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தைக் கல்யாண வீட்டில் வாசித்து வாசித்து அது மணமக்களுக்கு எழுதியது என்றே நினைத்துவிட்டோம். அது சண்டைக்காரச் சபைக்குப் போன கடிதம், மகளே. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று கட்சி கட்டினார்கள். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டார்கள். கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் வயிறு புடைக்கத் தின்றான், இன்னொருவன் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களுக்குத்தான் அன்பு சாந்தமுள்ளது என்று சொல்ல வேண்டியிருந்தது.

நானும் என் ஓரகத்தியும் கிணற்று முறைக்காக 11 வருஷம் பேசாதிருந்தோம். யார் எந்த நாளில் தண்ணீர் பாய்ச்சுவது என்பதுதான் விஷயம். இரண்டு பேரும் ஒரே கோவிலுக்குத்தான் போனோம், பக்கம் பக்கமாக முழங்காலும் போட்டோம். ஒரு வருஷம் கோவில் அசன விருந்தில் கூட்டம் நெருக்கித் தள்ளி, அவளுக்கு அடுத்த இலையில் உட்கார வேண்டியதாகிவிட்டது. எழுந்தால் ஊரே பார்க்கும். பரிமாறிய பையன் அவள் இலையில் எலும்பாகவே போட்டுவிட்டுப் போனான். அவளுக்குப் பல் போய் வெகுநாளாயிற்று என்பது எனக்குத் தெரியும். என் இலையிலிருந்த மெத்தென்ற கறித்துண்டு இரண்டை எடுத்து அவள் சோற்றின்மேல் வைத்தேன். நிமிரவில்லை, தின்றாள். ரசம் வருவதற்குள், "முழங்கால் வலி எப்படி இருக்கு?" என்று கேட்டாள். என்னவோ எனக்குப் பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. கூட்டம் தள்ளியிராவிட்டால் நான் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

6. நம்பிக்கை வேறு, நினைத்தது நடப்பது வேறு. டோனாவூரில் 1901 முதல் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்தார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். சுகத்துக்காக ஜெபிக்காதவர்களா அங்கே இருந்தார்கள்? படுத்தபடியே புத்தகம் எழுதினார். கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி இருக்கிறது, அதில் "அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. அடுத்த லீவுக்கு வா, கூட்டிப் போகிறேன்.

தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். என் அப்பா கடைசிக் காலத்தில் வரப்போரம் பனங்கொட்டை புதைத்தார். எனக்குக்கூட அது கிறுக்காகத்தான் தெரிந்தது. மூன்று வயதில் அந்தப் பனைப் பதநீரை நீ குடித்திருக்கிறாய். ஓலைப்பட்டையை ஏந்தத் தெரியாமல் கவுனெல்லாம் ஊற்றிக்கொண்டாய்.