காஞ்சோண்டியை அறிந்து தொடுதல்

அன்புள்ள பெறாமகளுக்கு,

மாரி மழைக்குப் பின் வேலியிற் படர்ந்த கொடியொன்று பட்டுக் கை தடித்து இராமுழுதும் எரிந்ததென்றும், அதை வேரோடு பிடுங்கி எறியலாமா என்றும் எழுதியிருந்தாய். அது காஞ்சோண்டி, சித்த வைத்தியர் சிறுகாஞ்சொறி என்பதும் அதுவே. பிடுங்குமுன் அதன் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டுமென்பது என் விருப்பம்.

ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடிக்கு 1753இல் லின்னேயஸ் 'டிராகியா இன்வோலுக்ரேட்டா' என்று நாமமிட்டார். அதற்கு முன்னரே, மலையாள வைத்தியரின் துணையோடு ஒல்லாந்த அதிகாரி வான் ரீட் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்ற மகாகிரந்தத்தின் இரண்டாம் பாகத்தில் (1679) சொறியணம் என்ற பெயரோடு இதன் சித்திரம் வெளிவந்துவிட்டது.

இதன் சுணை ஒவ்வொன்றின் நடுவிலும் கல்சியம் ஒக்சலேற்று என்னும் உப்பாலான ஊசிப் பளிங்கு ஒன்று உண்டு. தோல் உராய்ந்த கணத்தில் சுணையின் நுனி முறிய, பளிங்கு தோலைத் துளைக்க, அத்துளை வழியே சாறு உள்ளிறங்க, எரிவு எழுகிறது. இமயமலைச் சாரலில் வளரும் காஞ்சொறியோ வேறொரு குடும்பத்தது. அதன் சுணைநுனி கண்ணாடியை ஒத்த சிலிக்காவால் ஆனது. மேயும் வாய்களினின்று தம்மைக் காக்க, நெருங்கிய உறவற்ற இரு குலங்கள் வெவ்வேறு பொருளைக் கொண்டு ஒரே உபாயத்தைத் தனித்தனியே வகுத்துக்கொண்டமை எனக்கு இன்றும் பேரதிசயம்.

அந்த இமயக் காஞ்சொறியை நேபாளத்தார் சிஸ்னு என்று ஆக்கி உண்கின்றனர். நம் கொடியின் இலையையோ கேரளத்தார் கர்க்கடக மாதத்துப் பத்திலைக் கறியிற் சேர்ப்பதுண்டு. முசுட்டையும் முல்லையும் வறுத்துண்ணும் வன்னி நிலத்து மக்களுக்கு இதன் பக்குவம் கடினமன்று. தடித்த துணியாற் கையை மூடி, பூக்குமுன் இளந்தளிரை மட்டும் கொய்து, கொதிநீரில் அமிழ்த்தினால் சுணை துவண்டு குத்தும் வலுவை இழந்துவிடும். அந்நீரை வடித்து ஊற்றிவிட்டு, சின்னவெங்காயமும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பூவும் கூட்டித் தாச்சியில் வறையாக்கலாம். பச்சையாய் வாயில் வைக்காதே. சிறுநீரகக் கல்லுள்ளவர்க்குக் கொடாதே. கொடியை நன்கறிந்த மூத்தவர் ஒருவர் பார்த்து உறுதிசொல்லும்வரை அடுப்பேற்றாதே. கையிற் பட்டால் தேய்க்காமல் குளிர்நீர் விட்டுக் கழுவு.

இன்னொன்றையும் வற்புறுத்துவேன். இலை தேடிப் பற்றைக்குள் நுழையும் ஆவலில், முகமாலைப் பக்கத்தைப் போலக் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நடப்பட்ட எந்நிலத்திலும் ஓரடிகூட வைக்காதே; இலங்கையின் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது 2009இல் எனினும், மண்ணுள் கிடப்பவை அதை அறியா.

வழியோரத்துக் கொடியை மண்வெட்டியால் அகற்று. பின்வேலிக் கொடியை விட்டுவை. ஆமணக்கிலையை உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் சில இக்கொடியிலும் வளர்கின்றன. நமக்கு எரிவூட்டும் இலை அவற்றுக்கு ஆகாரம்.

அன்புடன்,
பெரியப்பா