அதே பாதையில் நடந்தவர்கள்

மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் சில உண்டு. மார்பகம் அகற்றப்பட்ட பக்கத்தில் ரவிக்கையை எப்படித் தைத்துக்கொள்வது? கீமோதெரபியால் கொட்டிப்போன முடி மீண்டும் வளரும்வரை திருமண வீடுகளுக்கு எப்படிப் போவது? சோறு வடிக்கும் பானையைத் தூக்கக்கூட முடியாத நாள்களில் வீட்டில் யாரிடம் உதவி கேட்பது? பத்து வயது மகளிடம் இந்த நோயைப் பற்றி என்னவென்று சொல்வது?

நோயைக் கண்டறிவதும் அதற்குச் சிகிச்சை அளிப்பதும் மருத்துவரின் பணி. ஆனால், மேற்கண்ட கேள்விகளுக்குரிய விடைகள் பெரும்பாலும் மருத்துவ நூல்களில் கிடைப்பதில்லை. அதே நோய்க்கு ஆளாகி, அதே சிகிச்சையைப் பெற்று மீண்ட இன்னொரு பெண்ணிடம்தான் அவை இருக்கின்றன. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்காக அதே நோயிலிருந்து மீண்டவர்கள் நடத்தும் ஆதரவுக் குழுக்கள் இப்படித்தான் தோன்றின.

இந்த முயற்சியின் தொடக்கக் கதை சற்று வியப்பானது. 1952ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டெரீஸ் லாசர் என்னும் பெண்மணிக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்காலத்தில் மார்பகத்தை மட்டும் அகற்றமாட்டார்கள். அதன் அடியிலுள்ள தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்தே அகற்றிவிடுவார்கள். கண்விழித்த லாசருக்குக் கையை உயர்த்த முடியவில்லை. இனி என்ன பயிற்சி செய்யவேண்டும், என்ன உடை உடுத்தலாம், இயல்பு வாழ்க்கைக்கு எப்போது திரும்பலாம் என்று எவரும் அவருக்கு விளக்கவில்லை. அவராகவே முயன்று, பயிற்சி செய்து, கையை மீண்டும் இயங்க வைத்தார்.

அதோடு அவர் நின்றுவிடவில்லை. தம்மைப் போலவே அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்களை மருத்துவமனைகளில் தேடிச் சென்று பார்க்கத் தொடங்கினார். கைப்பயிற்சிகளைச் சொல்லிக் கொடுத்தார். உடைக்குள் வைத்துக்கொள்ளும் செயற்கை மார்பகத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். மருத்துவர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை. மருத்துவம் படிக்காத ஒருவர் நோயாளியிடம் என்ன பேசிவிட முடியும் என்று நினைத்தார்கள். அவரைத் தடுக்கவும் செய்தார்கள். இருப்பினும் அவர் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகம் அவருடைய திட்டத்தைத் தன் திட்டமாக ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பல நாடுகளுக்குப் பரவியது. இன்று சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கமும் அதே பெயரில் ஓர் ஆதரவுக் குழுவை நடத்துகிறது.

லாசர் தம் பணியைத் தொடங்கிய காலத்தில் ‘மார்பகம்’, ‘புற்றுநோய்’ ஆகிய இரு சொற்களையும் பொதுவில் உச்சரிக்கவே மக்கள் தயங்கினர். 1950களில் இத்தகைய குழு ஒன்றுக்காக விளம்பரம் கொடுக்க விரும்பிய பெண் ஒருவரிடம், அவ்விரு சொற்களையும் அச்சிட முடியாது என்று நியூயார்க்கின் பெரிய நாளிதழ் ஒன்று சொல்லிவிட்டதாகக் கூறுவர். அது அந்தக் காலம், அந்த நாடு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் வீடுகளிலும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தி, ‘அந்த வியாதி’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

இந்த மௌனத்திற்குக் கொடுக்கும் விலை பெரிது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களை அதிகமாகப் பாதிக்கும் புற்றுநோய், மார்பகப் புற்றுநோயே. தொடக்க நிலையில் கண்டறிந்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். ஆயினும், மார்பில் ஒரு கட்டி தென்பட்டும் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பெண்கள் உள்ளனர். பரிசோதனையில் என்ன தெரியவருமோ என்ற பயம், ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம், மார்பகத்தை இழந்தால் கணவர் என்ன நினைப்பாரோ என்ற கவலை, நாட்டு மருந்தில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எனக் காரணங்கள் பல. இப்படிப்பட்ட ஒருவரிடம் நூறு விளம்பரப் பலகைகள் சொல்ல முடியாததை, “எனக்கும் வந்ததும்மா. சிகிச்சை எடுத்துப் பன்னிரண்டு வருசம் ஆச்சு” என்று எதிரில் உட்கார்ந்து சொல்லும் ஒரு பெண்மணியால் சொல்லிவிட முடியும். அதுவும் தமிழில் சொல்லும்போது அதன் வலிமையே தனி. ‘நிணநீர் வீக்கம்’ என்ற சொல்லை எந்த மொழியில் கேட்டாலும் புதிதாகத்தான் இருக்கும். ‘கை கனத்துப்போய் வளையல் இறுக்குது’ என்றால் உடனே புரியும்.

மலேசியாவில் இந்நோயிலிருந்து மீண்ட பெண்கள் சிலர் 1986இல் மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்தைத் தொடங்கினர். சிங்கப்பூரில் மார்பகப் புற்றுநோய் அறநிறுவனம் 1997இல் தோன்றியது. பொதுவாக, இத்தகைய குழுக்களில் தன்னார்வலராகச் சேர்பவர் தம் சிகிச்சை முடிந்து ஓரளவு காலம் கடந்தவராக இருப்பார். அவருக்கு முதலில் பயிற்சி அளிக்கப்படும். அந்தப் பயிற்சியின் பெரும்பகுதி, எதைச் சொல்லக்கூடாது என்பதைப் பற்றியது. ‘இந்த மருந்தை எடுக்காதே’, ‘எனக்கு இப்படித்தான் ஆனது, உனக்கும் அப்படியே ஆகும்’ என்பன போன்ற பேச்சுக்கு அங்கு இடமில்லை. மருத்துவக் கேள்விகளை மருத்துவரிடமே கேட்கச் சொல்லவேண்டும். குழுவில் கேட்டதை வெளியில் பேசக்கூடாது.

உறவினர்களின் ஆறுதலுக்கும் இவர்களின் ஆறுதலுக்கும் வேறுபாடு உண்டு. “ஒன்றும் ஆகாது, தைரியமாக இரு” என்று உறவினர் சொல்லும்போது, அன்புடன் சொன்னாலும், நோயாளியின் பேச்சு அங்கேயே அடைபட்டுவிடுகிறது. தைரியமாக இருக்கச் சொன்னவரிடம் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? தன்னார்வலரோ, “ராத்திரி தூக்கம் வருதா அக்கா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு விடையாக ஒரு மணி நேரம் பேசலாம். சிலர் பேசாமல் அழுதுவிட்டுப் போவதும் உண்டு.

குழுவில் சேர்ந்தால் ஆயுள் நீளுமா? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், நோய் உடலின் பிற பகுதிகளுக்கும் பரவிவிட்ட 86 பெண்களை ஆராய்ந்தார். வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள், கூடாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்தனர் என்று 1989இல் அவர் வெளியிட்ட முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால், கனடாவில் 235 பெண்களிடம் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில் ஆயுள் நீளவில்லை. 2007இல் ஸ்பீகல் தாமே மீண்டும் செய்து வெளியிட்ட ஆய்விலும் அப்படியே. எனினும் கனடா ஆய்வு ஒன்றைத் தெளிவாகக் காட்டியது: குழுவில் இருந்த பெண்களுக்கு மனத்துயரும் வலியும் குறைவாக இருந்தன. ஆயுளைக் கூட்டாவிட்டாலும், இருக்கும் நாள்களின் வலியைக் குறைப்பது சிறிய உதவியா என்ன?

எல்லாருக்கும் குழு பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்குப் பலர்முன் பேசவே பிடிக்காது. அவர்கள் ஒரே ஒரு தன்னார்வலருடன் தொலைபேசியில் பேச விரும்புவார்கள். குழுவில் ஒருவருக்கு நோய் திரும்பிவிட்டால் மற்றவர்கள் கலங்கிப்போவதும் நடக்கும்.

பேசுவதில் விருப்பமில்லாதவர்களுக்கு வேறொரு வழியும் பிறந்தது. அது தண்ணீரில் பிறந்தது. அக்குளின் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்டால், நீர் வடிய வழியின்றிக் கை வீங்கக்கூடும். ஆகவே, கைக்குக் கடுமையான வேலை கொடுக்கக்கூடாது என்பதே நெடுங்காலம் மருத்துவர்களின் அறிவுரையாக இருந்தது. கனடாவின் வான்கூவர் நகரில் விளையாட்டு மருத்துவரான டான் மெக்கன்சி இதைச் சோதித்துப் பார்க்க எண்ணினார். 1996இல், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களுக்குப் படிப்படியாக உடற்பயிற்சி அளித்து, அவர்களை டிராகன் படகு வலிக்கச் செய்தார். கைக்கு இதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை. ஆனால், அவர்களில் ஒருவருக்குக்கூடப் புதிதாகக் கை வீக்கம் ஏற்படவில்லை. பழைய அறிவுரை மாறத் தொடங்கியது.

அந்தப் பருவம் முடிந்த பிறகும் அப்பெண்கள் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. இன்று சிங்கப்பூர் உட்படப் பல நாடுகளில் இத்தகைய படகுக் குழுக்கள் இருக்கின்றன. ஒரு படகில் இருபது பேர் இரண்டு வரிசையாக அமர்ந்து, முரசொலிக்கு ஏற்ப ஒரே நேரத்தில் துடுப்புப் போடுவார்கள். நோயைப் பற்றிப் பேச வேண்டிய கட்டாயம் அங்கு எவருக்கும் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு எல்லாம் தெரியும். இக்குழுக்கள் ஒன்றுகூடும் விழாக்களில், பந்தயங்கள் முடிந்ததும் படகுகளை நீரின் நடுவே அருகருகே நிறுத்துவார்கள். நோயால் மறைந்த தோழியரை நினைத்து, ஆளுக்கோர் இளஞ்சிவப்பு மலரைத் தண்ணீரில் விடுவார்கள்.