பொதியமலைக் காணிக்காரரும் ஏட்டில் ஏறாத அறிவும்

சென்ற தவணையில் அகத்தியர் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்து, “அந்த மலையில் இப்போது யார் இருக்கிறார்கள், சேர்?” என்று வினவினான். முனிவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவல்ல எனக்கு, மலையில் வாழும் மனிதரைப் பற்றி ஒரு வாக்கியமும் வரவில்லை. அவ் வினாவுக்குத் தேடிய விடையே இக் கட்டுரை.

ஆறும் மலையும் இல்லாத நம் குடாநாட்டினருக்கு மழைக்காடு என்பது பாடநூற்பொருள். இலங்கையில் அதனைக் காண விரும்புவோர் 1988-இல் உலக மரபுரிமைத் தலமாகிய சிங்கராஜ வனத்துக்குச் செல்லல் வேண்டும். பொதியமோ 1,868 மீற்றர் உயர்ந்து, தாமிரபரணியைப் பெற்று, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் எல்லையாய் நிற்பது. அதன் சாரற் காடுகளில் வாழ்வோர் காணிக்காரர். தமிழும் மலையாளமும் விரவியது அவர்தம் பேச்சு. தலைவனை மூட்டுக்காணி என்றும், மருத்துவமும் மந்திரமும் அறிந்தவனைப் பிலாத்தி என்றும் அழைப்பர். நோயுற்றான் பொருட்டுப் பிலாத்தி இரும்பாலாகிய கொக்கரையை உரசி ஒலியெழுப்பிச் சாற்றுப்பாட்டுப் பாடுவான். திருவிதாங்கூர் அரசன் மார்த்தாண்டவர்மன் பகைவர்க்கு அஞ்சி ஓடிய காலத்தில் தம் முன்னோரே அடைக்கலம் தந்தனர் என்பதும் அவர்கள் வாய்மொழியாகப் போற்றும் வரலாறு.

1987-இல் புஷ்பாங்கதன் முதலான ஆராய்ச்சியாளர் சிலர் இக்காட்டில் ஏறினர். ஏறியவர் இளைத்தனர், வழிகாட்டிய காணிக்காரரோ களைப்பறியாது நடந்தனர். இடையிடையே அவர்கள் ஏதோ சிறு காய்களை மென்றதைக் கண்டு, அஃது யாதெனக் கேட்டனர். முதலில் சொல்ல மறுத்தார்கள். குலத்துக்குரிய மறைபொருள் அது. வற்புறுத்தியபின் காட்டிய செடியே இன்று ஆரோக்கியப்பச்சை எனப்படுவது. அதன் தாவரவியற் பெயர் திரிக்கோப்பஸ் செய்லானிக்கஸ். பின்மொழி நம் இலங்கையைக் குறிக்கும். இச் செடியினம் இங்கும் உண்டு. நம்மில் எத்தனைபேர் அறிவோம்?

பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியற் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதனோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை ஆக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு ஆக்கும் உரிமை 10 இலட்சம் ரூபாவுக்கும், விற்பனையில் நூற்றுக்கு 2 பங்குக்கும் கொடுக்கப்பட்டது. இவற்றிற் பாதி காணிக்காரர்க்கு என முடிவாயிற்று. அதனைப் பெறும்பொருட்டு 1997-இல் அவர்களுக்கென அறநிலையம் ஒன்று அமைந்தது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என உலகம் இதனைப் பாராட்டிற்று.

பாராட்டு முழுவதையும் நான் ஏற்கமாட்டேன். காட்டியவர் ஓரிருவர், அறிவோ ஒரு குலத்தினுடையது. பிலாத்திகள் சிலர், தம் இசைவின்றி மறைபொருள் விலைப்பட்டதென எதிர்த்தனர். காட்டுச் செடி வேரோடு போய்விடும் என்று வனத்துறை தடுத்தமையாற் பயிரிடும் முயற்சியும் தடைப்பட்டது. ஆயினும், கேட்டு எடுத்ததற்குக் கூலி கொடுக்கவேண்டும் என்னும் எண்ணமேனும் அங்கே பிறந்தது. பெயர் தெரியாத எத்தனை பாட்டிமாரின் கைமருந்து, கேளாமலே கடைச்சரக்காயிற்று!

நமக்குச் செகராசசேகரமும் பரராசசேகரமும் உண்டு. மருத்துவத்தைச் செய்யுளாக்கி ஏட்டில் ஏற்றினர் யாழ்ப்பாணத்து அரசர் காலத்துப் புலவர். அதனால் நாம் காத்துவிட்டோம் எனக் களித்தல் தகுமோ? இலைக்கஞ்சிக்கு எந்த எந்த இலை, எவ்வளவு, எது மிகின் கசக்கும் என்பன ஏட்டில் இல்லை; அம்மாவின் கையில் இருந்தன.

அன்று வினவிய வகுப்பினரிடமே ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, கஞ்சிக்கு உரிய இலைகளை எழுதி வருக என்றேன். முசுட்டை, முல்லை, தூதுவளை என்று பதினொரு பெயர்கள் வந்தன. மறுநாள் வேலியோரம் அழைத்துச் சென்று காட்டச் சொன்னேன். நான்கை மட்டுமே அவர்களால் இனங்காட்ட முடிந்தது. எனக்கோ ஆறு. எஞ்சிய ஐந்தையும் அறிந்துகொள்ள, வரும் சனிக்கிழமை ஒரு மாணவனின் அப்பாச்சியிடம் செல்லவிருக்கிறோம்.