அலுவலகத்தின் பொதுக்கிணறு

(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)



ஓர் ஊரில் ஒரே ஒரு கிணறு. அதுவும் ஒருவர் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் வேண்டுவோர் அனைவரும் அவர் கதவைத் தட்ட வேண்டும். அவர் வெளியூர் சென்றால் ஊரே தவிக்கும். அவரும் நினைத்தபோது வீட்டைவிட்டு நகர முடியாது. அதே கிணறு ஊர் நடுவே இருந்தால், யாரையும் தொந்தரவு செய்யாமல் வரிசையில் நின்று இறைத்துக்கொள்ளலாம் அல்லவா? இவ்வுண்மையை நான் கற்றுக்கொண்டது கிணற்றங்கரையில் அன்று. என் அன்னையின் அலுவலகத்தில், ஒரு பிரிண்டரின் அருகில்!

அன்னைக்கு வந்த காய்ச்சல்

என் அன்னை ஒரு சிறிய கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறார். அங்கே கணிப்பொறிகள் ஐந்து, பிரிண்டர் ஒன்றுதான். அது அன்னையின் கணிப்பொறியோடு யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கப்பட்டிருந்தது. மற்ற நால்வரும் அக்கணிப்பொறியின் வழியாகவே அச்சிட வேண்டும். அது விழித்திருந்தால்தான் பிரிண்டர் வேலை செய்யும்.

கடந்த ஜூலை மாதம், வருமானவரிக் கணக்குகள் குவிந்திருந்த நேரத்தில், அன்னைக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. சனிக்கிழமை காலை தொலைபேசி மணி அடித்தது. “அக்கா, நீங்கள் வந்து கணிப்பொறியைத் திறந்தால்தான் ஒரு தாளாவது அச்சாகும். வாசலில் பன்னிரண்டு பேர் காத்திருக்கிறார்கள்” என்றார் உடன் பணிபுரியும் அண்ணன்.

“கடவுச்சொல்லைச் சொல்லிவிடுங்களேன், அம்மா” என்றேன்.

“எத்தனையோ பேருடைய வரவு செலவு அதில் இருக்கிறது. சொல்லக் கூடாது கண்ணு” என்றவர், சால்வையைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நானும் உடன் சென்றேன். மாலை நான்கு மணிவரை மேசைமேல் தலையைச் சாய்த்தபடியே அமர்ந்திருந்தார். கணிப்பொறி உறங்கிவிடாதிருக்க, நான் அவ்வப்போது மவுஸை அசைத்துக்கொண்டிருந்தேன். பிரிண்டர் தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எனக்கோ அழுகை வந்தது.

அன்று இரவு வந்த என் மாமா கணிப்பொறி பழுது பார்ப்பவர். “அக்காவையும் பிரிண்டரையும் ஒரே கம்பியில் கட்டிப் போட்டிருக்கிறார்களே!” என்று வருந்தினார். தணிக்கையாளரின் அனுமதி பெற்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிரிண்ட் சர்வர் ஒன்றை அமைக்க ஏற்பாடு செய்தார்.

பிரிண்ட் சர்வர் என்பது யாது?

அலுவலகக் கணிப்பொறிகள் அனைத்திலிருந்தும் அச்சுப் பணிகளைப் பெற்று, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பிரிண்டருக்கு அனுப்பும் பொதுக் கணிப்பொறியே பிரிண்ட் சர்வர் ஆகும். கணிப்பொறி நொடியில் அனுப்புவதைப் பிரிண்டர் மெதுவாகத்தான் அச்சிடும். ஆகவே வரும் பணிகளைச் சர்வர் தன் வட்டில் சேர்த்து வைத்து, முறைப்படி விடுவிக்கும். இதற்கு ‘ஸ்பூலிங்’ என்று பெயர். அனுப்பியவர் காத்திராமல் தம் அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

இந்த எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி நிலையத்தில், 1971 ஆம் ஆண்டில் கேரி ஸ்டார்க்வெதர் என்னும் அறிஞர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். அதனை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ள இயலுமா? பல கணிப்பொறிகளை ஒன்றோடொன்றும் அப்பிரிண்டரோடும் இணைக்க ஒரு வழி தேவைப்பட்டது. அங்கேயே பணியாற்றிய ராபர்ட் மெட்கால்ஃப், 1973 ஆம் ஆண்டில் ‘ஈதர்நெட்’ என்னும் இணைப்பு முறையை எழுதி வைத்தார். இன்று உலகெங்கும் அலுவலகங்களில் ஓடும் ஈதர்நெட் கம்பி பிறந்ததற்கு, ஒரு பிரிண்டரைப் பகிர்ந்துகொள்ளும் ஆசையும் ஒரு காரணம் என்பது வியப்பன்றோ!

அமைத்த விதம்

முதலாவதாக, மூலையில் கிடந்த பழைய கணிப்பொறி ஒன்றை மாமா தூசி தட்டி எடுத்தார். அதில் லினக்ஸையும், ‘கப்ஸ்’ என்னும் அச்சுச் சேவை மென்பொருளையும் பதித்தார். 1999 இல் மைக்கேல் ஸ்வீட் என்பவர் வெளியிட்ட கப்ஸ் மென்பொருளை விலையின்றியே பெறலாம். அக்கணிப்பொறி ஒருபோதும் உறக்கநிலைக்குச் செல்லாதபடி மாற்றினார். அன்று நான் மவுஸை அசைத்தது என் நினைவுக்கு வந்தது.

இரண்டாவதாக, பிரிண்டரின் கம்பியை அன்னையின் கணிப்பொறியிலிருந்து எடுத்து, சர்வரில் செருகினார். சர்வரை நெட்வொர்க் சுவிட்சுடன் இணைத்தார். சர்வருக்கு மட்டும் யு.பி.எஸ். மின்சாரம். லேசர் பிரிண்டர் சூடேறும்போது மிகுந்த மின்சாரத்தை இழுக்குமாதலால், அதனைச் சிறிய யு.பி.எஸ்.ஸில் இணைக்கலாகாது.

மூன்றாவதாக, சர்வருக்கு மாறாத ஐ.பி. முகவரி ஒன்றைக் கொடுத்தார். நாள்தோறும் கதவு எண் மாறும் வீட்டுக்குத் தபால்காரர் எவ்வாறு கடிதம் சேர்ப்பார்? முகவரி மாறினால் மற்றக் கணிப்பொறிகளும் அவ்வாறே திகைத்து நிற்கும்.

நான்காவதாக, கப்ஸில் பிரிண்டரைச் சேர்த்து, அதற்குரிய டிரைவரைத் தேர்ந்து, ‘பகிர்க’ என்னும் குறியை இட்டார். பின்பு ஐந்து கணிப்பொறிகளிலும், சர்வரின் முகவரி, 631 என்னும் வாயில் எண், பிரிண்டரின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்துப் புதிய பிரிண்டராகச் சேர்த்தோம். ஒவ்வொன்றிலிருந்தும் சோதனைத் தாள் ஒன்று அச்சிட்டோம். ஐந்தும் வந்தன!

இன்று பல பிரிண்டர்களில் நெட்வொர்க் வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. எங்களுடையது போன்ற பழைய பிரிண்டருக்கே இவ்வேலையெல்லாம் தேவைப்படுகிறது.

பொதுப்பொருளுக்குக் காவல் வேண்டும்

முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் எழுந்தது. ஒருவர் லீகல் அளவில் ஓர் ஆவணத்தை அனுப்பிவிட்டார். தட்டில் இருந்ததோ ஏ4 தாள். பிரிண்டர் லீகல் தாளுக்காகக் காத்து நிற்க, அதன் பின்னால் பதினொரு பணிகள் தேங்கின. மாமா கற்றுக்கொடுத்தபடி, அன்னை சர்வரின் வரிசைப் பட்டியலைத் திறந்து, அந்த ஒன்றை மட்டும் நீக்கினார். உடனே மற்றவை நடைபோட்டன. ஒருவருடைய கவனக்குறைவு எல்லோரையும் நிறுத்திவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தட்டில் எடுக்காமல் விட்ட தாளைப் பிறர் படிக்க நேரிடலாம். எனவே, “அனுப்பியவர் உடனே எடுத்துக்கொள்க” என்று ஓர் அட்டையை எழுதி ஒட்டினேன். சர்வரை அலுவலகத்துக்கு உள்ளே மட்டும் திறந்து வைத்து, வெளி இணையத்திற்கு மூடிவிட வேண்டும். 2021 ஆம் ஆண்டில் விண்டோஸின் அச்சுச் சேவையில் ஒரு பெரும் ஓட்டை கண்டறியப்பட்டு, மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆகவே எந்த மென்பொருளாயினும் அவ்வப்போது புதுப்பித்து வருதல் இன்றியமையாதது.

முடிவுரை

செப்டம்பரில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அன்னை இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். தொலைபேசி மணி அடிக்கவே இல்லை. அவர் கஞ்சி காய்ச்சிக்கொண்டே, “பிரிண்டர் என்னை மறந்துவிட்டது போலும்!” என்று சிரித்தார்.

தோழியரே! பலருக்கும் பயன்படும் பொருளை ஒருவர் தோள்மீது சுமத்திவிட்டு, பகிர்ந்துகொள்கிறோம் என்று எண்ணுதல் தவறு. பொது இடத்தில் வைத்து, வரிசை வகுத்து, காவலும் அமைத்தால்தான் அது பகிர்வாகும். நம் வீட்டிலும் வகுப்பிலும் யாராவது ஒருவர், எல்லோருக்காகவும் தனியே விழித்திருக்கிறாரா என்று சற்றே நோக்குவோமாக!