குடிநீரும் அதன் வரம்பும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்பது நம்மிற் பலர் கொண்டுள்ள கருத்து. கலங்கலும் நாற்றமும் இன்றி, நாவிற்கு இனிதாய் இருக்கும் நீரை ஐயுறுவார் இலர். கண்ணும் மூக்கும் நாவும் நீரின் குற்றங்களுட் சிலவற்றை அறிவிக்குமேயன்றி, எல்லாவற்றையும் அறிவிக்கமாட்டா. பொறிகளுக்குப் புலனாகாமல் நீரிற் கலந்து நின்று, பல்லாண்டு கழித்தே தம் தீமையைக் காட்டும் பொருள்களும் உள. அவற்றுள் ஒன்று புளோரைடு. ஒரு சிற்றூரார் அதன் தீமையைக் கண்டவாறும், அறிஞர் அதற்கு வரம்பு வகுத்தவாறும், அவ்வரம்பு எத்தன்மைத்து என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படும். தமிழ் பயிலும் மாணவன் இரசாயனத்திற் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். நீர் எல்லார்க்கும் பொதுவாதலின், அன்பர்கள் பொறுத்தருள்வார்கள் என நம்புகின்றேன்.

அமெரிக்க நாட்டின் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்னும் சிற்றூர் ஒன்று உளது. அவ்வூரார் ஐந்து மைல் தொலைவிலுள்ள ஓர் இளவெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் அமைத்து, ஊர் முழுமைக்கும் நீர் கொணர்ந்தனர். நீர் தெளிவாகவே இருந்தது. ஆயினும், குழாய் வந்த சில காலத்திற்குள் சிறுவர் பற்களிற் பழுப்பு நிறக் கறை தோன்றலாயிற்று. தேய்த்தாலும் கழுவினாலும் அஃது அகலவில்லை. இதனை முதலிற் கண்டவர் இரசாயனப் புலவர் அல்லர். தம் மக்களின் சிரிப்பை நாள்தோறும் கண்ட பெற்றோரே. 1923-ஆம் ஆண்டில் பிரெடெரிக் மக்கே என்னும் பல் மருத்துவர் அவ்வூருக்குச் சென்றார். அவர் 1901 முதல் கொலராடோ மாநிலத்தில் இத்தகைய கறையைக் கண்டு, அதன் காரணம் யாதென ஆராய்ந்துகொண்டிருந்தவர். கறை தோன்றியது குழாய் வந்த பின்னரே எனப் பெற்றோர் அவரிடம் கூறினர். அவர் நீரைச் சோதித்தார். ஐயுறத்தக்கது ஒன்றும் காணவில்லை. எனினும் பெற்றோர் சொல்லை அவர் தள்ளிவிடவில்லை. அக்குழாய் நீரை விடுத்து, அருகிலுள்ள வேறோர் ஊற்றின் நீரைக் கொள்க என ஊர்த் தலைவர்க்கு அறிவுரை கூறினார். அவ்வாறே செய்யப்பட்டது. சில ஆண்டுகளில், அவ்வூர் இளஞ்சிறார்க்கு விழுந்து முளைத்த பற்கள் கறையின்றி வெளிவந்தன. நஞ்சின் பெயர் அறியப்படுமுன்னரே நோய் நீங்கிற்று.

பெயர் அறியப்பட்டது வேறோர் ஊரில். ஆர்க்கன்சா மாநிலத்துப் பாக்சைட்டு என்னும் ஊர் அந்நாளில் ஓர் அலுமினியக் கம்பெனிக்கு உரியதாய் இருந்தது. அவ்வூர்ச் சிறுவர்க்கும் பற்கறை இருந்தது. ஐந்து மைல் தொலைவிலிருந்த மற்றோர் ஊர்ச் சிறுவர்க்கு இல்லை. அலுமினியப் பாத்திரத்திற் சமைப்பது தீது என்ற பேச்சும் அந்நாளில் எழுந்திருந்தது. அக்கம்பெனியின் தலைமை இரசாயன அறிஞர் சர்ச்சில் என்பார், பழி தம் உலோகத்தின்மேல் வருமோ என அஞ்சி, அவ்வூர் நீரை வருவித்து ஒளிப்பிரிகை முறையால் ஆராய்ந்தார். புளோரைடு மிகுதியாக இருக்கக் கண்டார். முதலில் நம்பாது, மீண்டும் நீர் வருவித்துச் சோதித்தார், முடிபு மாறவில்லை. ஒரு லிட்டரில் 13.7 மில்லிகிராம் இருந்தது. இது நிகழ்ந்தது 1931-ஆம் ஆண்டு. முன்னர்ச் சோதித்தவர் பலரும் அதனைக் காணாமைக்குக் காரணம், நீரில் அதனைத் தேட வேண்டும் என்று ஒருவரும் எண்ணாமையே. தேடாத பொருள் சோதனையிற் கிடைப்பதில்லை என்பது இங்கு நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி இப்பொருள் செய்யும் வினையைக் காண்போம். ஈற்றின் உள்ளே பல் உருவாகும் இளமைப் பருவத்தில் மிகுந்த புளோரைடு உடலிற் சேருமாயின், எனாமல் எனப்படும் மேற்பூச்சு செவ்வனே அமைவதில்லை. ஆதலின் பல் முளைக்கும்போதே குறையுடன் முளைக்கின்றது. வளர்ந்தபின் நீரை மாற்றினாலும் அக்குறை மாறுவதில்லை. எனினும் அதே பொருள் சிறிதளவில் பற்சிதைவைத் தடுக்கின்றது. டிரெண்ட்லி டீன் என்னும் அறிஞர் 1930-களில் பல ஊர்களை ஆராய்ந்து, லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் அளவில் பெரும்பாலார்க்குக் கறை உண்டாவதில்லை என்று கண்டார். 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் என்னும் நகரில் அவ்வளவிற்கு அப்பொருளைக் குடிநீரிற் சேர்க்கவும் தொடங்கினர். ஓர் ஊரார் நீக்க முயன்ற பொருளை மற்றோர் ஊரார் வேண்டிச் சேர்த்தனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இந்நோய் நம் நாட்டிற்குப் புதியதன்று. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் இது பரவியிருந்ததைக் கிண்டி கிங் நிலையத்தைச் சார்ந்த ஷார்ட் முதலிய ஆராய்ச்சியாளர் 1937-இல் எழுதி வெளியிட்டனர். ஆங்கு நோய் பல்லோடு நிற்கவில்லை. நெடுங்காலம் அந்நீரை உண்டவர்க்கு எலும்பு தடித்து, மூட்டுகள் இறுகி, முதுகு வளைந்து, நடத்தலும் அரிதாயிற்று. கருங்கல் வகைப் பாறைகளில் உள்ள சில கனிப்பொருள்களினின்று புளோரைடு கசிந்து நிலத்தடி நீரிற் சேர்கின்றது. தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் துன்பமும் இதுவே. அவ்வூர்கட்கு நிலத்தடி நீருக்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கி வைக்கப்பெற்றது.

இனி வரம்பினைப் பற்றிக் கூறுவாம். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் எனக் கூறுகின்றது. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 1.0 எனக் கூறி, வேறு நீர் கிடையாதவிடத்து 1.5 வரை இசைகின்றது. அமெரிக்க அரசாங்கம் 1986-இல் 4.0 எனச் சட்டத்தால் வகுத்து, 2.0 என்பதனை அறிவுரையளவில் வைத்தது. ஒரே பொருளுக்கு இத்துணை வேறுபாடு ஏன்? ஒவ்வோர் எண்ணும் வெவ்வேறு வினாவிற்கு விடையாய் நிற்பதே காரணம். எலும்பு முடங்காதிருக்க எவ்வளவு எனின் 4.0, பல் கறைபடாதிருக்க எவ்வளவு எனின் 2.0 என்று அந்நாட்டார் கொண்டனர். 4.0 என்னும் வரம்பு போதிய காவல் அன்று. அதனைக் குறைத்தல் வேண்டும் என அந்நாட்டுத் தேசிய ஆராய்ச்சிக் குழுவினரே 2006-இல் கருத்துரைத்தனர்.

மற்றொன்றும் உண்டு. வரம்பு கூறுவது ஒரு லிட்டர் நீரின் அளவை. உடலிற் சேர்வதோ உண்ட நீர் முழுவதன் அளவு. 4.0 அளவுள்ள நீரை நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பருகுவோன் 8 மில்லிகிராம் கொள்கின்றான். 1.5 அளவுள்ள நீரையே வெயிலில் ஏருழுவோன் ஐந்து லிட்டர் பருகினால் 7.5 மில்லிகிராம் கொள்கின்றான். எண்கள் தொலைவில் நிற்பினும் உடல்கள் ஏறக்குறைய ஒரே சுமையைத் தாங்குகின்றன. இதனை உணர்ந்தே, 1962-ஆம் ஆண்டின் அமெரிக்க விதிகள் வெப்பம் மிக்க ஊர்களுக்குக் குறைந்த அளவை வகுத்தன. நம்மைப் போன்ற வெப்ப நாட்டார்க்கும், உழைப்பாளர்க்கும், பல் உருவாகும் பருவத்துக் குழந்தைகட்கும் வரம்பின் விளிம்பு பாதுகாப்பான இடம் அன்று.

ஆயின் செய்யத்தக்கது யாது? காய்ச்சுதல் பயன்படாது, நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் புளோரைடு செறிவே மிகும். கிருமிகளைக் கொல்லும் குளோரினும் இதனை அகற்றாது. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டு வண்டலாக்கிப் பிரிக்கும் நல்கொண்டா முறையை நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் கண்டுள்ளனர். வேறு வடிமுறைகளும் உள. எனினும், தீதற்ற வேறு நீர்நிலை கிடைக்குமாயின் அதனை நாடுதலே தலையாயது. ஓக்லி ஊரார் செய்ததும் அதுவே. பெருநகரத்தார்க்குப் பல நீர்நிலைகளும், சோதனைச் சாலையும், பொருளும் உண்டு. சிற்றூரார்க்கோ பெரும்பாலும் ஓர் ஆழ்துளைக் கிணறும் ஒரு மேல்நிலைத் தொட்டியுமே உண்டு. அந்நீர் தீதாயின் அவ்வூர்க் குழந்தை ஒவ்வொன்றும் அதனையே உண்ணும். ஆதலின் நீரைக் காலந்தோறும் சோதிப்பித்தலும், அம்முடிபை ஊரார் அறியத் தமிழில் எழுதி வைத்தலும் இன்றியமையாதன. எண் அலுவலகத்தில் உறங்குமாயின், அது யாரையும் காவாது.

வயலின் வரப்பையும் வரம்பு என்றே வழங்குகின்றோம். வரப்பு தானே தோன்றுவதன்று. உழவன் நிலத்தையும் நீரையும் நோக்கி இட்டு, உடைந்தபோதெல்லாம் மண் அணைத்துக் காப்பது. குடிநீரின் வரம்பும் அத்தகையதே. அஃது அறிஞர் அக்காலத்து அறிவுகொண்டு இட்டது. அறிவு வளர வளரத் திருத்தப்படுவது. அதனைத் திருத்துவோர்க்கு முதற்சான்று சோதனைச் சாலையில் மட்டும் பிறப்பதன்று. குழந்தையின் பல்லில் ஒரு கறையைக் கண்டு, இது முன்னர் இல்லையே என்று வினவும் தாயிடத்தும் அது பிறக்கின்றது. அவ்வினாவைக் கேட்கும் செவி உள்ள ஊரே நல்ல நீர் பெறும்.